சூடத்தில் எரிந்த அட்டை வீடு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மின்விசிறிச் சத்தத்தில் கடைசி ஆளுக்குக் கேட்காமல் போய்விடும். பேய்க்கதை வேண்டும் என்று நச்சரித்தீர்கள் இல்லையா? தருகிறேன். பனிமூட்டம் உண்டு, ரத்தம் உண்டு, எரிகிற வீடு ஒன்றும் உண்டு. பயந்து ஒருவர் மடியில் ஒருவர் ஏற வேண்டாம். அத்தனையும் ஒரு பொம்பளை தன் கையால் செய்தது. நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள், அதுவே எனக்குப் போதும்.

பீர்க்கன்கரணை ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி 'குட்டிக் கூடாரம்' என்று ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. நீல கேட், முற்றத்தில் சங்கிலி ஊஞ்சல், சுவர் முழுக்க ஒரு மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி. வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் காலையில் இருபத்தாறு பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டுப் பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். நடத்துகிறவள் ஜான்சி. கணவன் போன பிறகு கீழ்வீட்டைக் காப்பகமாக்கி, மாடியில் குடியிருந்தாள். அவளோடு அவள் தங்கை தபீதாள்.

தபீதாளுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் கூடிவரவில்லை, அக்கா வீட்டோடு தங்கிவிட்டாள். பிள்ளைகளுக்குச் சமைப்பது அவள் வேலை. பெற்றோர்களுக்கு அவள் 'சமையல் அக்கா'. பேர் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற இரண்டு மணி நேரம் அவளுக்குச் சொந்தமானது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களாகப் பார்ப்பாள். மற்றவர்கள் பேய் எப்போது வரும் என்று பார்ப்பார்கள். இவள், அந்தக் கோட்டையை எதில் செய்திருப்பார்கள், மூடுபனி ஏன் தரையிலேயே படுத்துக் கிடக்கிறது, மரங்கள் எத்தனை விரல் உயரம் இருக்கும் என்று பார்ப்பாள். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்ப்பாள். பிறகு எழுந்துபோய்த் தானே செய்து பார்ப்பாள்.

எதில் என்கிறீர்களா? அடுப்படியில் என்ன கிடைக்குமோ அதில். கொத்தமல்லிக் கட்டின் வேரை அறுத்துக் காயவைத்துத் தலைகீழாக நட்டால் இலையுதிர்ந்த சுடுகாட்டு மரம். கொசுவத்திப் புகையை ஒரு குழாய் வழியாக ஐஸ் நிரப்பிய ஊறுகாய் ஜாடிக்குள் விட்டு எடுத்தால், குளிர்ந்த புகை மேலே போகத் தெம்பில்லாமல் தரையோடு ஊரும், அதுதான் மூடுபனி. பழைய எக்ஸ்ரே படம் ஜன்னல் கண்ணாடி. ரத்தத்துக்குக் கருப்பட்டிப் பாகு. கறுப்பு வெள்ளையில் சிவப்புச் சாயம் வெளிறிப்போகும், பாகுதான் உறைந்த ரத்தம்போல விழும் என்று நாலைந்து தடவை கெடுத்த பிறகு கண்டுபிடித்தாள். ஒரே தொல்லை எறும்பு. பேய் கழுத்தைக் கடிக்கிற நேரத்தில் எறும்பு வந்து பேயைக் கடிக்கும்.

நடிகர்கள் காப்பகத்துக் குப்பைக் கூடையிலிருந்து வந்தார்கள். கை போன பொம்மை, ஒரு கண் நிற்கிற பொம்மை, பிள்ளைகள் காதைக் கடித்துத் துப்பிய முயல். போனில் போட்டோ எடுத்து, பொம்மைப் படக்காரர்கள் கூடுகிற ஒரு இணையக் குழுவில் போடுவாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் கை தட்டுவார்கள். வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஜான்சிக்கு அதெல்லாம் 'பிசாசு வேலை'. சபைக்குத் தெரியாமல் இருந்தால் சரி என்று விட்டிருந்தாள்.

கடைசியாகத் தபீதாள் எடுத்துக்கொண்டது பெரிய வேலை. அந்தப் பழைய படங்களில் கடைசியில் வீடு எரிந்தே தீரும். அவளுக்கும் ஒரு வீட்டை எரிக்க வேண்டும். அளவெடுக்கக் கைக்கெட்டிய வீடு ஒன்றுதானே இருந்தது? மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் காப்பகத்தையே செய்தாள். மூன்று மாதம். நீல கேட், ஒட்டகச்சிவிங்கி, மழைநீர் இறங்கிக் கறுத்த சுவரோரம், எல்லாம் அப்படியே முழங்கால் உயரத்தில்.

ஒருநாள் ஜான்சி மிளகு எடுக்க மசாலா டப்பாவைத் திறந்தாள்.

"தபீ, இது என்னடி?"

"சூடம்க்கா."

"சூடம்னு எனக்குத் தெரியாதா? நம்ம வீட்ல இது என்னடி பண்ணுது? பாஸ்டர் வந்து பாத்தார்னா?"

"பாஸ்டர் எதுக்குக்கா மசாலா டப்பாவத் திறக்கப் போறாரு?"

"வாய் பேசாத."

"பேப்பரக் கொளுத்துனா நெருப்பு வீட்டவிட உசரமா எழும்பும்க்கா. பொம்மை வீடுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுடும். சூடம்தான் அடக்கமா எரியும், கறுப்பா புகை வரும்."

"யார் வீடு எரியப் போவுது?"

"நம்ம வீடுதான்."

"இயேசப்பா!" என்று ஜான்சி டப்பாவை மூடிவிட்டுப் போனாள். மிளகு எடுக்கவில்லை.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, வானம் மூடிக்கிடந்த நேரம் பார்த்துத் தபீதாள் மொட்டைமாடிக்குப் பெட்டி வீட்டைத் தூக்கிப்போனாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஜன்னல்களுக்குப் பின்னால் சூடத்தைப் பற்றவைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். எரிகிற வீட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மூன்று மாத வேலை நான்கு நிமிடத்தில் போயிற்று. இந்தத் தடவை கறுப்பு வெள்ளை இல்லை, வண்ணத்திலேயே இருபத்துமூன்று படங்கள் எடுத்தாள். அதில் ஒன்று, ஒன்றே ஒன்று, அவள் நினைத்தபடியே விழுந்தது. ஜன்னல்கள் உள்ளிருந்து ஆரஞ்சாக ஒளிர, கூரையோரம் தீ நாக்கு நீட்ட, ஒட்டகச்சிவிங்கியின் முகம் சுருண்டு உரிய ஆரம்பித்த அந்தக் கணம்.

மழைக்கு முன் துணி எடுக்க ஜான்சி மேலே வந்தாள். சாம்பலைப் பார்த்தாள். தங்கை கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

"இது... நம்ம வீடாடி?"

"அட்டைப்பெட்டிக்கா."

"சும்மா சொல்லாத. ஊஞ்சல் சங்கிலிகூடத் தெரியுது."

"அது அறுந்துபோன உன் கொலுசு."

ஜான்சி போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். "என்னவோ பிசாசுப் படம்னு நினைச்சேன்டி. கண்ணுல தண்ணி வருது பாரு. எனக்கு அனுப்பு, காப்பகத்து போனுக்கு."

நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அக்கா தன்னிடம் சாப்பாடு அல்லாத ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் தபீதாள் ராத்திரிச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் கதை.

ஜான்சிக்கு ஒரு வழக்கம். சபையில் கொடுத்த தினக் காலண்டரில் அன்றைக்கு என்ன வசனமோ, அதை ஒரு பூப்படத்திலோ சூரியோதயப் படத்திலோ எழுதி, பெற்றோர் குழுவுக்குக் காலையில் அனுப்புவாள். எந்த மதத்துக்காரர்களும் அதற்கு ஒரு கைகூப்புப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மறுநாள் திங்கட்கிழமைக்கு விழுந்திருந்தது, தீயின் நடுவே நடந்தாலும் கருகாமல் காக்கப்படுவதைப் பற்றிய வசனம். பூப்படம் அதற்குப் பொருந்துமா? ஜான்சிக்குத் தங்கை எடுத்த படம் ஞாபகம் வந்தது.

எப்போதும் எட்டு மணிக்கு அனுப்புகிறவள். அன்றைக்கு ஒரு குழந்தை வாந்தி எடுத்து, துடைத்து, மாற்றித் தூங்கவைத்ததில் பத்தேகால் ஆகிவிட்டது. அதற்குள் பெற்றோர் எல்லாரும் அவரவர் வேலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜான்சி போனோடு அடுப்படிக்கு வந்தாள். தபீதாள் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, எப்படி இருக்கு?"

எரிகிற வீட்டின் அடியில், நெருப்பின் மேலேயே, மஞ்சள் நிறத்தில் பொடி எழுத்தாக வசனம்.

"எழுத்து தெரியவே இல்லக்கா. வெள்ளையில போடேன்."

"நெருப்பு வசனத்துக்கு மஞ்சள்தான்டி எடுப்பு" என்று ஜான்சி அனுப்பினாள். போனைச் சார்ஜில் செருகி, அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். படத்தைக் காட்டினவளும் பார்த்தவளும் எழுத்தின் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்களுக்கு அது அட்டைப்பெட்டி. மொட்டைமாடியில் சாம்பலைக் கூட்டி அள்ளினவர்களுக்கு அது வேறெப்படித் தோன்றும்?

போனில் படம் பாதி வெட்டுப்பட்டுத்தானே முதலில் தெரியும். வசனம் இருந்த கீழ்ப்பாதி இல்லை, பிறகு திறந்து பார்த்தவர்களுக்கும் நெருப்பின் மஞ்சளில் அந்தப் பொடி எழுத்து கண்ணில் படவில்லை. தீப்பிடித்து எரிகிற 'குட்டிக் கூடாரம்', காப்பகத்து எண்ணிலிருந்து.

பத்தே முக்காலுக்கு முதல் ஆள் வந்துவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற துளசிங்கம். சவாரிகளை நடுரோட்டில் இறக்கிவிட்டு, வழியில் டீக்கடையிலிருந்து இரண்டு தண்ணீர் கேனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தவர், கேட்டைத் திறக்கப் பொறுமையில்லாமல் சுவரேறிக் குதித்தார்.

"எங்கம்மா நெருப்பு? என் பொண்ணு எங்க கீது?"

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். துளசிங்கத்தின் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நைனா, ஏன் அழுவுற?"

தோளில் தண்ணீர் கேனோடு அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு நிற்க இடமில்லை. தாம்பரத்திலிருந்து, கீழ்க்கட்டளையிலிருந்து, வேலை பார்த்த இடத்திலிருந்து செருப்புகூடப் போடாமல் வந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து, தெருவுக்குள் திரும்ப முடியாமல் நின்றது. பிள்ளைகளைப் பறித்துப் பறித்து அணைத்தார்கள், பிள்ளைகள் மிரண்டு அழுதன. கூடுவாஞ்சேரிப் பக்கம் வேலை செய்யும் உதயா மட்டும் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டியைப் பறக்கவிட்டு வந்தவள் வண்டலூருக்கு இப்பால் சறுக்கி விழுந்துவிட்டாள், தோள்பட்டை எலும்பு முறிந்தது என்று யாரோ சொன்னார்கள். அவளுடைய மூன்று வயது மகன் தபீதாளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யாரு அனுப்புனது? அது தெரியணும் எங்களுக்கு!" என்று ஒரு குரல் எழும்பியது. எல்லாரும் ஜான்சியைப் பார்த்தார்கள்.

ஜான்சி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "போன்... போன் அடுப்படியிலதான் இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. போன் அடுப்படியில்தான் இருந்தது. அத்தனை கண்களும் திரும்பித் தபீதாள் மேல் விழுந்தன. அவள் அக்காவின் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். புதன்கிழமை ஆறு. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆறு பிள்ளைகளுக்கான சின்னப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த தபீதாளிடம் ஜான்சி வந்து நின்றாள்.

"தபீ, நான்தான் அனுப்புனேன்னு தெரிஞ்சா மூடிட வேண்டியதுதான்டி. நடத்துறவளுக்கே புத்தி இல்லன்னா யார் பிள்ளைய விடுவா?"

தபீதாள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன்னை யார் என்ன கேக்கப் போறா? விளையாட்டா அனுப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. திட்டுவாங்க, போயிடுவாங்க."

"நீ எப்பக்கா சொல்லுவ?"

"எல்லாம் அடங்கட்டும்டி. சத்தியமா சொல்றேன். வீடு வீடாப் போய் நானே சொல்றேன், என் தங்கச்சி இல்ல, நான்தான்னு. கொஞ்சம் அடங்கட்டும்."

சத்தியம் பண்ணக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜான்சி. அவளே சத்தியம் என்கிறாள் என்றால் சொல்லத்தான் செய்வாள் என்று தபீதாள் நம்பினாள். அந்த நம்பிக்கையைத்தான் அவள் பணயம் வைத்தாள், கண்ணுகளா. வேறொன்றும் அவளிடம் இல்லை.

சனிக்கிழமை பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சி ஜெபத்தோடு ஆரம்பித்தாள்.

"ஜெபம் அப்பறமா பண்ணிக்கலாம்மா" என்றார் துளசிங்கம். "எடுத்தது யாரு, அனுப்புனது யாரு, அத்த சொல்லுங்க மொதல்ல. சும்மா கண்ண மூடிக்கினு ஒக்காந்தா ஆச்சா?"

தபீதாள் எழுந்தாள். "ரெண்டும் நான்தான்."

திட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஜான்சி சொன்னது நடக்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் கிறிஸ்டினா போனை உயர்த்திப் பிடித்தாள். தபீதாளின் மற்ற படங்களையெல்லாம் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

"எல்லாரும் பாருங்க. இந்த முயல் என் பொண்ணோடது. காதப் பாருங்க, அவ கடிச்சது. கழுத்துல ரத்தம் வழியுது!"

"அது கருப்பட்டிப் பாகும்மா" என்றாள் தபீதாள்.

"என் பிள்ளையோட பொம்மைய ரத்தத்துல முக்கி எடுத்திருக்கீங்க. அதே கையால அவளுக்குச் சோறு ஊட்டுனீங்களா?"

"தூக்கிப் போட்ட பொம்மைம்மா..."

"இன்னா மாதிரி பொம்பள நீ?" என்று துளசிங்கம் கேட்டார். கத்தவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினவர்போலக் கேட்டார். "புள்ளைங்க தூங்க சொல்லோ பேய்ப் படம் பாத்துகினு இருப்பியாமே. நெருப்புல வூட்டக் கொளுத்தி வேடிக்க பாக்குறது ஒரு ஆசையா?"

கடைசி வரிசையில் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு உதயா உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் திறந்தபோது மற்றவர்கள் அடங்கினார்கள்.

"அக்கா, நீங்க ஊட்டுனாத்தான் என் பையன் சாப்பிடுவான். அந்த அரை மணி நேரம் அவன் செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். எதுக்குக்கா அனுப்புனீங்க?"

 அனுப்பினவள்தானே காரணம் சொல்ல வேண்டும்? காலண்டர் என்றும் வசனம் என்றும் சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்தது ஆகிவிடும். தபீதாள் ஜான்சியைப் பார்த்தாள். ஜான்சி மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம அனுப்பிட்டேன்" என்றாள் தபீதாள்.

அப்போது ஜான்சி எழுந்தாள். தபீதாள் அவள் வாயையே பார்த்தாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றாள் ஜான்சி. "இவளக் கண்டிக்காம விட்டது என் தப்பு. எங்க சித்தப்பா மகன் காலேப் ஊரப்பாக்கத்துல இருக்கான். நாளைக்கே இவள அங்க அனுப்பிடறேன். பேசிட்டேன்."

பேசிட்டேன். எப்போது பேசினாள்? பாத்திரம் கழுவும்போது வந்து நின்று சத்தியம் பண்ணினாளே, அதற்கு முன்பா, பின்பா? தபீதாள் அந்த ஒரு சொல்லையே வெகுநாள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஊரப்பாக்கத்தில் காலேப்புக்கும் அவன் மனைவி புஷ்பத்துக்கும் ஒரே படுக்கையறை வீடு. கூடத்தில் தபீதாளுக்கு இடம் கொடுத்தார்கள். முகம் சுளிக்கவில்லை, ஆனால் முதல் வாரமே புஷ்பம், "சமையல் நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க அந்தப் பக்கம் வர வேணாம்" என்று சொல்லித் தீப்பெட்டியை மேல் தட்டில் வைத்தாள். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை கிடைத்தது. ரயிலில் வந்திறங்கும் கூட்டத்தில் எப்போதாவது பழைய பெற்றோர் முகம் ஒன்று தெரியும். அது அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பும்.

பெரிய தண்டனையெல்லாம் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும், இன்றைக்குச் சொல்லியிருப்பாளோ என்று நினைப்பது, அவ்வளவுதான். ஆகஸ்ட் போனது. காப்பகம் மறுபடி நிரம்பிவிட்டது, பதினெட்டுப் பிள்ளைகள் என்று காலேப் சொன்னான். செப்டம்பரில் இருபத்துநாலு. அடங்கிவிட்டதே, இனி சொல்வாள். அக்டோபரில் முப்பது, ஒரு ஆயாவும் கூடுதலாக. தபீதாள் இரண்டு தடவை போன் செய்தாள். "பிள்ளைங்க அழுவுதுங்கடி, அப்பறம் பேசறேன்" என்று இரண்டு தடவையும் பதில்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு ஜான்சியே வந்தாள். கையில் கேக், தபீதாளுக்கு ஒரு புதுச் சேலை. சதை போட்டிருந்தாள், முகத்தில் நல்ல களை. புஷ்பம் நாற்காலி போட்டு உபசரித்தாள். பேச்சு அங்கே இங்கே சுற்றி, காப்பகத்துக்கு வந்தது.

"ஏன் கேக்கற புஷ்பம், அந்தத் திங்கட்கிழமைய நினைச்சா இப்பவும் கை நடுங்குது. இவ பாட்டுக்கு ஒரு படத்த அனுப்பிட்டா. நான் அந்தக் குழந்தை வாந்தியத் துடைச்சிட்டு இருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய வந்து பாத்தா துளசிங்கம் சுவத்துல தொங்கறாரு!"

புஷ்பம் சிரித்தாள். தபீதாள் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தாள்.

"ஆனா நான் இவள மன்னிச்சிட்டேன்" என்று ஜான்சி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எத்தனை நாள் கோவத்த வெச்சுக்கிறது? கூடப் பொறந்தவ. மனசார மன்னிச்சிட்டேன். திரும்பி வந்துடு தபீ. அந்தப் பொம்மை, போட்டோ எல்லாத்தையும் விட்டுட்டு வா. புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பால் வாங்கப் புஷ்பம் கீழே போகும்வரை தபீதாள் பொறுத்திருந்தாள். கதவு சாத்தியதும் குவளையைக் கீழே வைத்தாள்.

"இப்ப யாரும் இல்லக்கா. என்கிட்ட மட்டும் சொல்லு. ஊருக்குச் சொல்ல வேணாம். ஒரே ஒரு தடவை என்கிட்ட சொன்னா போதும்."

"எத?"

"யார் அனுப்புனதுன்னு."

ஜான்சி தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். தபீதாள் அந்த முகத்தில் துழாவித் துழாவித் தேடினாள். பயமோ, கெஞ்சலோ, ஒரு கண் சிமிட்டலோ இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நெற்றியில் லேசான சுருக்கம், உடம்பு சரியில்லாதவளைப் பார்க்கிற பரிவு, அவ்வளவுதான் இருந்தது.

"என்னடி பேசற? நீயே எழுந்து நின்னு சொன்னியே, அத்தனை பேர் முன்னாடி. மறந்துட்டியா?"

எத்தனை பேருக்கு எத்தனை தடவை அப்படியே சொல்லியிருப்பாள்! சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகி, நாக்கிலிருந்து மனசுக்கு இறங்கிவிட்டது. பொய் சொல்கிறவளோடு மல்லுக்கட்டலாம் கண்ணுகளா, இன்றில்லாவிட்டால் நாளைக்கு அவள் கண் தாழும். பொய்யை நம்பிவிட்டவளை என்ன செய்வது? அந்த முகத்தைத்தான் தபீதாள் கடைசியில் பார்த்துப் பயந்தாள். எத்தனையோ பேய்களைத் தன் கையால் செய்தவளுக்கு முதுகு சில்லிட்டது.

"நான் வரலக்கா" என்றாள். "சேலையும் வேணாம். அஞ்சு மணி வண்டிக்கு நேரமாச்சு, கிளம்பு."

"மன்னிச்சிட்டேன்னு சொல்றேன், இன்னும் என்னடி வீம்பு?"

"அதான் வேணாம்ங்கறேன். மன்னிக்க வேணாம். போ."

ஜான்சி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அழுதுகொண்டேதான் போனாள், அதுவும் நிஜ அழுகை. படியில் எதிரே வந்த புஷ்பம் பால் பாக்கெட்டோடு நின்று, மேலே பார்த்து, "என்ன அண்ணி, பெரியவங்க வீடு தேடி வந்து இறங்கிப் பேசறாங்க, நீங்க இப்படிப் பண்றீங்களே" என்றாள். தபீதாள் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டேஷன்வரை போய் வழியனுப்பவும் இல்லை. அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு பேசியதாகத் தெரியவில்லை.

தபீதாள் படம் எடுப்பதை விடவில்லை என்றுதான் கேள்வி. மெஸ்ஸுக்குப் பின்னால், முட்டைகோஸ் கூடைகளுக்கு நடுவே, கொத்தமல்லி வேரை நட்டு வைத்து எடுக்கிறாளாம். ஒரு வித்தியாசம். படம் போனைவிட்டு வெளியே போகும் முன், நடுவில், பெரிதாக, வெள்ளை எழுத்தில் எழுதிவிடுகிறாளாம்: இது பொம்மை. இதைச் செய்து, எடுத்து, அனுப்பியது தபீதாள். படத்தின் அழகே கெட்டுவிடுகிறது என்று அந்தக் குழுக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள். கேட்க மாட்டேன் என்கிறாளாம்.

போய்ப் படுங்கள் என் தங்கங்களா. உங்கள் வீட்டு உலை எந்நாளும் கொதிக்கட்டும், பிள்ளைகள் பயமறியாமல் உறங்கட்டும். கூடப் பிறந்தவர்களுக்குள் குற்றம் வந்தால், வந்த அன்றைக்கே 'நான்தான்' என்று சொல்லுகிற நாக்கை அந்த ஆண்டவன் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது கொடுக்கட்டும். அதைக் கேட்டு அடுத்த வேளைச் சோறு போடுகிற மனசை மற்றவர்களுக்கெல்லாம் கொடுக்கட்டும்.